பத்து நாள் பிழைக்க வேண்டிய பூனை

போன மாதம் எதிர்வீட்டுப் பெண்ணின் குழந்தையைத் தெருநாய் கடித்துவிட்டது. அவள் அழுதுகொண்டே ஓடிவந்து என்னிடம் கேட்டாள்: "அக்கா, உங்க அனிதாவுக்கு அந்தக் காலத்துல தொப்புளச் சுத்தி ஊசி போட்டீங்களாமே, எப்படிக்கா தாங்குனீங்க?" இப்போது கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடும், பயப்படாதே என்று சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்வதென்றால் பூனையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் கடைசி. சேலையூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். என் கணவர் தேவராஜ் வெல்டர். அனிதாவுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அனிதாவைக் கூட்டிக்கொண்டு கோதுமை அரைக்கப் போனேன். மாவு மில்லை நடத்தியவர் சேகர் என்பவர். மழைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று ஒரு பூனைக்குட்டி மோட்டாருக்குப் பின்னால் படுத்திருந்ததை அவர் பார்க்கவில்லை. ஸ்விட்சைப் போட்டார். மோட்டாரையும் அரவைக் கல்லையும் இணைக்கும் நீளமான பெல்ட் சுழன்றது. குட்டியின் வால் அதில் மாட்டிக்கொண்டது.

அந்தக் கத்தலைப் போல் ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சேகர் ஸ்விட்சை அணைப்பதற்குள் அனிதா உள்ளே ஓடிவிட்டாள். இரண்டு கையாலும் குட்டியைப் பிடித்து இழுத்தாள். வால் விடுபட்டது. குட்டி அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டு மாவு மூட்டைகளுக்கு நடுவில் போய் விழுந்தது.

"எம்மா, கொயந்தய இட்டுகினு வாம்மா! சோப்பு போட்டு கய்வு, நல்லா கய்வு!" என்று சேகர்தான் குழாயைத் திறந்துவிட்டார். மாவு படிந்த கையில் இரண்டு ஓட்டைகள். தண்ணீர் பட்டதும் இரத்தம் நிற்காமல் வந்தது.

"பூனைய இன்னா பண்றது?" என்று அவரே கேட்டு அவரே பதிலும் சொன்னார். "ஏரியாண்ட போட்டுட்டு வந்துர்றேன்."

நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் பூனை எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றுதான் இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் நிதானமாகப் பேசுகிறவர். வெறிநோய் நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் வரும் என்றார். கடித்த இடத்தில் எச்சிலோடு போகிற கிருமி நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். ஏறிவிட்டால் எந்த மருந்தும் கேட்காது. அதற்கு முன்னால் ஊசி போட்டுவிட வேண்டும், தினம் ஒன்றாகப் பதினாலு, வயிற்றில்.

"கடிச்ச பூனை எங்கம்மா?"

"தூக்கிப் போட்டாச்சு டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது வேணுமேம்மா. கடிச்ச நாள்லேர்ந்து பத்து நாள் அது உயிரோட இருந்தா, கடிக்கும்போது அதோட எச்சில்ல கிருமி இல்லன்னு அர்த்தம். ஊசிய அதோட நிறுத்திடலாம். பூனை கிடைக்கலன்னா பதினாலும் போட்டுத்தான் ஆகணும்."

"போட்டுடுங்க டாக்டர். பதினாலும் போட்டுடுங்க."

"போடலாம். ஆனா இந்த மருந்து ஆட்டு மூளையிலேர்ந்து செய்யறது. ஆயிரத்துல ஒருத்தருக்கோ என்னமோ, ஒத்துக்காம கை கால் வராமப் போயிடும். ஜுரம் வந்தாலோ, கால் மரத்துப்போகுதுன்னு குழந்தை சொன்னாலோ அன்னைக்கே கூட்டிட்டு வாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்து, "போய்ப் பூனையத் தேடுங்கம்மா" என்றார்.

முதல் ஊசி அன்றே போட்டார்கள். ஊசி அறைக்கு வெளியே பெஞ்சில் பெரியவர்களும் குழந்தைகளுமாக ஏழெட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனவர்களின் சத்தம் எங்களுக்குக் கேட்டது. சிஸ்டர் அனிதாவின் சட்டையைத் தூக்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கொத்தாகப் பிடித்தார். நான் தோளையும் தேவராஜ் காலையும் பிடித்துக்கொண்டோம். ஊசியை வெளியே எடுத்த இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. "நாளைக்கு இந்தப் பக்கம் போடறேன், வீங்கினதுல போடமாட்டேன்" என்று சிஸ்டர் சொன்னதைப் பெரிய ஆறுதலைப் போல அனிதா கேட்டுக்கொண்டாள்.

அவளைத் தேவராஜிடம் விட்டுவிட்டு நான் மில்லுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் சேகர் மில்லை இழுத்து மூடினார். தூறலில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, நான் பின்னால் போனேன். ஏரிக்கரையில், குட்டியைக் கொண்டுவந்த சாக்கை அவர் உதறிய இடத்தில் அது இல்லை. கோரைப்புல், உடைந்த செங்கல், குப்பை. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அந்த ஆள் சேற்றில் மண்டியிட்டு, ஒவ்வொரு புதராக விலக்கிப் பார்த்தார்.

"கீது! எம்மா, கீதும்மா! உசுரு கீது!"

உடைந்த சிமெண்ட் குழாய் ஒன்றுக்குள் அது ஒடுங்கியிருந்தது. வெள்ளையில் மஞ்சள் திட்டு. இரண்டரை மாதம் இருக்கும். நான் கையை நீட்டியபோது சேகர் பிடித்துக்கொண்டார். "கைய வெக்காத. உன்னையும் கட்ச்சா அப்பால உனக்கும் அதே ஊசிதான்." சாக்கைப் போர்த்தி அவரே எடுத்தார்.

ஆக, அந்தக் குட்டியை நாங்கள் காப்பாற்றியது இரக்கத்தினால் அல்ல. அது பத்து நாள் செத்துப்போகாமல் இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீர் மோட்டார் வைத்திருந்த சின்ன அறையைப் பத்து நாளைக்கு எடுத்துக்கொள்ள வீட்டுக்காரம்மா ஒப்புக்கொண்டார். தேவராஜ் கம்பி வலையை வளைத்து ஒரு கூண்டு செய்தார். வெல்டிங் செய்யும்போது போட்டுக்கொள்ளும் தோல் கையுறையை என் முன்னால் வைத்தார். "இது இல்லாம அதத் தொடாத, ஸ்டெல்லா. வீட்டுல ஒருத்தி போதும்."

ஞாயிறு முழுக்கக் குட்டி ஒரு சொட்டுக்கூட மூத்திரம் போகவில்லை. திங்கட்கிழமை காலை கூண்டைத் தூக்கிக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் இளம்பெண். இருபத்தேழு இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது. வெளியே ஒரு பசுவும் இரண்டு ஆடுகளும் காத்திருந்தன.

"நான் பூனை அதிகம் பார்த்ததில்ல மேடம். இங்க வர்றதெல்லாம் மாடுதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த உண்மையினாலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

குட்டியைத் துணியில் சுற்றித் தலையை மூடி, இடுக்கியால் வாலின் நுனியைக் கிள்ளினார். அது திரும்பக்கூட இல்லை. நடுவில் கிள்ளினார். இல்லை. முதுகோடு சேரும் இடத்தில் கிள்ளியபோதுதான் லேசாக உறுமியது. பிறகு வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"வால் போயிடுச்சு. அது பெரிய விஷயமில்ல, வால் இல்லாமப் பூனை வாழும். பெல்ட் இழுத்த இழுப்புல முதுகெலும்போட அடியில இருக்கிற நரம்புக்கத்தையும் இழுபட்டிருக்கு. மூத்திரப் பைக்குப் போற நரம்பும் அதுலதான் இருக்கு. கரெண்ட் ஒயர் மேல பார்த்தா முழுசா இருக்கும், உள்ள கம்பி அறுந்திருக்கும் பாருங்க, அந்த மாதிரி. பை நிறைஞ்சது அதுக்குத் தெரியல. தெரிஞ்சாலும் போக முடியாது."

"சரியாகுமா டாக்டர்?"

"முழுசா அறுந்திருக்கலன்னா ஒரு மாசத்துல திரும்பலாம். அறுந்திருந்தா திரும்பாது. அதுவரைக்கும் ஒரு நாளைக்கு மூணு தடவை நாமதான் அழுத்தி எடுக்கணும். எடுக்கலன்னா மூத்திரத்தோட விஷம் இரத்தத்துல கலந்து ரெண்டே நாள்ல செத்துடும்."

என் கையுறைக்கு மேல் தன் கையை வைத்துக் காட்டினார். பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தேடினால் தண்ணீர் நிறைந்த பலூன் போல் ஒன்று தட்டுப்படும். அதைச் சீராக அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் வெடித்துவிடும். முதல் தடவை பத்து நிமிடம் திணறினேன். பிறகு சட்டென்று வந்தது, இரத்தம் கலந்து, நாற்றத்தோடு. குட்டி ஒரு பெருமூச்சு விட்டது.

கிளம்பும்போது அவர் தயங்கிச் சொன்னார்: "மேடம், ஒருவேளை பத்து நாளுக்குள்ள செத்துடுச்சுன்னா புதைச்சுடாதீங்க. என்கிட்ட கொண்டுவாங்க. தலைய ஐஸ்ல வச்சு பரிசோதனைக்கு அனுப்பணும்."

அன்றிலிருந்து என் நாள் இரண்டாகப் பிரிந்தது. கம்பெனியில் நீண்ட விடுப்புச் சொல்லிவிட்டேன். காலையில் குட்டியை அழுத்துவது, பிறகு அனிதாவை ஊசிக்குக் கூட்டிப்போவது, திரும்பி வந்து மறுபடி குட்டி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே அனிதா பேசுவதை நிறுத்திவிடுவாள். நாலாம் நாள் வயிற்றில் வீங்காத இடம் தேடிச் சிஸ்டருக்கே கண் கலங்கிவிட்டது. பெஞ்சில் தினமும் எங்கள் பக்கத்தில் உட்காரும் கோவளத்து மீன்காரம்மா ஒருத்தி, "ஏங் கண்ணு, நான் அய்வுறேன், நீ அய்வுல. நீதான் கெட்டிக்காரி" என்று அவள் தலையைத் தடவினாள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது வயிறு இடிபடாமல் இருக்க, அனிதா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் கூன் போட்டபடி நிற்பாள்.

குட்டியை நான் பார்த்துக்கொண்டதில் அன்பு எதுவும் இல்லை. கூண்டுக்கு முன் உட்கார்ந்து அதன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். எச்சில் ஒழுகுகிறதா, குரல் மாறியிருக்கிறதா, வெளிச்சத்துக்குப் பயப்படுகிறதா, பால் விழுங்க முடிகிறதா? வெறிநோய்க்கு இதெல்லாம்தான் அடையாளம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் வலியில் கிடக்கிற பூனையும் மூலையில்தான் ஒதுங்கும், தொட்டால் உறுமத்தான் செய்யும். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அனிதாவை அந்த அறைப் பக்கமே விடவில்லை. அதற்குப் பெயர் வைக்கவும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆறாம் நாள், அது பாலைத் தொடவில்லை. கீழ்த்தாடையிலிருந்து நூல் மாதிரி எச்சில் தொங்கியது. கூண்டை எப்படித் தூக்கினேன், மருந்தகத்துக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

டாக்டர் ஒரு குச்சியால் அதன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நாக்கு ஓரத்துல புண்ணு இருக்கு. மூத்திர விஷம் ஏறினா இப்படி வரும். நீங்க முழுசா எடுக்கல மேடம். பயந்து பயந்து பாதியில விட்டுடறீங்க."

"வெறிநோய் இல்லையே டாக்டர்?"

"இல்லன்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன்."

அவர் அழுத்தியபோது, காலையில் நான் எடுத்ததற்குப் பிறகும் பாதிப் பை மீதி இருந்தது. தோலுக்கு அடியில் உப்புத் தண்ணீர் ஏற்றினார். தோல் கையுறையைக் கழற்றச் சொல்லி, மாட்டுக்குச் சினை பார்க்கும்போது போடுகிற மெல்லிய கையுறையை வெட்டி எனக்குக் கொடுத்தார். "விரலுக்குத் தெரியணும். கடிக்காமப் பார்த்துக்கறது உங்க சாமர்த்தியம்."

மறுநாள் காலை அனிதா படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. "அம்மா, கால் மரமரன்னு இருக்கு" என்றாள். எழுந்து நிற்கவைத்தபோது இடது பாதம் தரையில் இழுபட்டது. தேவராஜ் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ரப்பர் சுத்தியலால் அவள் முழங்காலில் தட்டினார். வலது கால் துள்ளியது. இடது கால் லேசாக அசைந்ததோடு சரி. பாதத்தில் குண்டூசியால் தொட்டுத் தொட்டு "இங்க குத்துதா? இங்க?" என்று கேட்டார். பல இடங்களில் அனிதா பதில் சொல்லாமல் எங்களைப் பார்த்தாள்.

எங்களை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"மருந்து ஒத்துக்கல. இன்னும் போட்டா மேல ஏறலாம். நிறுத்தினா..." என்றவர் முடிக்காமல் என்னைக் கேட்டார், "பூனை எப்படிம்மா இருக்கு?"

கால்நடை மருந்தகத்து டாக்டர் முந்தின நாள் எழுதிக்கொடுத்திருந்த சீட்டை நீட்டினேன். ஆறாம் நாள், உயிரோடு இருக்கிறது, வெறிநோய்க்கான அறிகுறி இல்லை, வாய்ப்புண் மூத்திர விஷத்தால் வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"ஊசிய நிறுத்தறேன். குழந்தை இங்கயே இருக்கட்டும். இன்னும் மூணு நாள். அந்தப் பூனை செத்துச்சுன்னா அடுத்த நிமிஷம் எனக்குத் தெரியணும்."

தேவராஜ் ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். நான் வீட்டுக்கு வந்தேன். குழந்தை அங்கே கட்டிலில் கிடக்க, தாயான நான் பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்கு விநோதமாக இருக்கிறது. எனக்கு அப்போது இரண்டு உயிரும் ஒன்றுதான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பை கடைசிச் சொட்டு வரை காலியாகும்படி எடுத்தேன். இங்க் பில்லரால் சர்க்கரைத் தண்ணீரும் பாலும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை; மோட்டார் அறைத் தரையில் உட்கார்ந்தபடியே ஜெபம் செய்தேன். ஆண்டவரே, இது சாகக் கூடாது, செவ்வாய்க்கிழமை வரைக்கும் சாகக் கூடாது. அதற்கு மேல் அதற்காக எதையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் பிற்பாடு என்னை உறுத்தியது.

திங்கட்கிழமை மத்தியானம் அது தானாக எழுந்தது. பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு தட்டு வரைக்கும் வந்து பாலை நக்கியது. விழுங்கியது. நான் அதன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கூண்டோடு ஆஸ்பத்திரி வாசலுக்கே போய்விட்டேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. டாக்டர் வெளியே வந்து, குனிந்து பார்த்து, வலைக்கு வெளியே விரலைச் சுண்டினார். குட்டி விரல் போன பக்கமெல்லாம் தலையைத் திருப்பியது. "போதும்மா. உங்க பொண்ணுக்கு அந்தப் பயம் இல்ல" என்றார். தேவராஜ் தூணில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அனிதாவின் கால் மெல்லத்தான் திரும்பியது. முதலில் கட்டைவிரல், பிறகு பாதம். பொங்கல் கழித்துத்தான் செருப்பு நழுவாமல் நடந்தாள்.

பூனை? பத்து நாள் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் கையுறையைப் போட்டுக்கொண்டு நான் எழுந்தபோது தேவராஜ் கேட்டார், "இன்னும் எதுக்கு, ஸ்டெல்லா? நீ எடுக்கலன்னா ரெண்டு நாள்ல தானா முடிஞ்சுடும்." கொடுமையாகச் சொல்லவில்லை. பத்து நாளும் தூங்காத மனிதர். ஆனால் பை நிறைந்திருந்தது. நான் போய் எடுத்தேன்.

அடுத்த வாரம் வால் அடியிலிருந்து கறுத்து அழுக ஆரம்பித்தது. வாலை எடுக்கத் தன்னிடம் வசதி இல்லை, நகரத்துக்குள் இருக்கும் பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார் டாக்டர். மூடி போட்ட கூடையில் வைத்து மின்சார ரயிலில் கொண்டுபோனேன். நாற்றத்தில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போனார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், "பேரு?" என்றார். "ஸ்டெல்லா" என்றேன். "உங்க பேரு இல்லம்மா, பூனை பேரு." நான் விழித்தேன். அவர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ரயிலில் திரும்பி வரும்போது என் மடியில், மயக்கம் தெளியாமல், வால் இருந்த இடத்தில் நாலு தையலோடு அது கிடந்தது. இத்தனை நாளில் அன்றுதான் முதல்முறையாகக் கையுறை இல்லாமல் அதைத் தடவினேன். காதுக்குப் பின்னால் அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அனிதாவும் தொட்டாள். அவள் ஒரு காலையும் அது இரண்டு பின்னங்காலையும் இழுத்துக்கொண்டு வராந்தாவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போவார்கள். பார்த்துச் சிரித்தோம் என்று சொல்லத்தான் ஆசை. அப்போது சிரிப்பு வரவில்லை.

நரம்பு திரும்பவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, அதற்கு மேலும் ஒரு வாரம் ஆயிற்று. மூத்திரம் பழுப்பாக, சீழோடு வந்தது. மாத்திரை, ஊசி எல்லாம் கொடுத்தோம். கடைசியில் என் விரல் பட்டதுமே கத்தியது. அந்தக் கத்தல் மில்லில் கேட்டதைப் போலவே இருந்தது. மருந்தகத்து டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "கிட்னி போயிடுச்சு மேடம். இனிமே நாம செய்யறதெல்லாம் அதுக்கு வேதனைதான்" என்றார். ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடலாம், வேண்டுமானால் யோசித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றார். நான் அப்போதே செய்யச் சொன்னேன். கடைசியாக ஒரு தடவை பையைக் காலி பண்ணிவிட்டுக் கொடுத்தேன். நிறைந்த வயிற்றோடு போக வேண்டாம் என்று தோன்றியது.

ஊசி ஏறி முடிவதற்குள் தலை என் உள்ளங்கையில் சாய்ந்துவிட்டது. அந்த இளம் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி, மேஜையைத் துடைக்கத் தேவையில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அனிதா நேராக மோட்டார் அறைக்குப் போனாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். சாமிகிட்ட போயிடுச்சு என்று சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"செத்துடுச்சு அனிதா. டாக்டர் ஊசி போட்டு, வலிக்காம."

"அப்போ அது தனியா இருந்துச்சா?"

"இல்ல. நான் கையில வச்சுக்கிட்டிருந்தேன்."

"ரொம்ப நேரமாவா?"

"ரொம்ப நேரம்."

பையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேவராஜ் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம். அவர் என் காலடியில் இருந்த மூடி போட்ட கூடையைப் பார்த்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.